அழுத்தாமல் விட்ட பொத்தான்

பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் மனிதனுக்குக் கௌரவம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. வாயைப் பிளந்துகொண்டு கம்பீரமாக இருக்க முடியுமா என்று நான் முயன்று பார்த்தேன், முடியவில்லை. சென்ற வாரம், ஆரணி பேருந்து நிலையத்துக்கு அருகே புதிதாகத் திறந்திருக்கும் சிறிய மருத்துவமனையில், என் மகள் வயதுள்ள மருத்துவர் ஒருவர், மேல்வரிசையில் பாதியாக நிற்கும் என் முன்பல்லைச் சிறு கண்ணாடியின் காம்பால் தட்டிப் பார்த்தார். "இது சொத்தையில போனது இல்லீங்களே அங்கிள். அடிபட்டு உடைஞ்சிருக்கு. எங்கனா வுழுந்தீங்களா?" என்றார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பினேன். ஆனால் அந்த அறையின் கிராம்புத் தைல வாசனையிலிருந்து தப்ப முடியவில்லை. பல் உடைந்த அன்று மாலை என் மனைவி ஈறில் தடவியதும் அதே தைலம்தான்.

விழவில்லை, நண்பரே. ஊரில் சிலருக்குக் காரணம் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த காரணம் தவறு என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். தற்பெருமை என்று தோன்றினால் அப்படியே கொள்ளலாம்; ஓரளவு அதுவும்தான். நான் கணிதத்தில் முதுகலை படித்தவன். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்காலம் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தேன். என் பொறுப்பிலிருந்த சர்வர்களில் ஒரு கோப்பு காணாமற் போயிற்று என்று எவரும் சொன்னதில்லை. தந்தையார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு ஆரணிக்குத் திரும்பினேன். இங்கே எனக்குக் 'கம்ப்யூட்டர் சார்' என்று பெயர். தேய்த்த வெள்ளைச் சட்டையை உள்ளே செருகி, கையில் ஒரு தோல்பையுடன் காலையில் தெருவில் நடப்பேன். பையில் பெரும்பாலும் சாப்பாட்டு டப்பாவைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஆனாலும் மரியாதைக்குக் குறைவில்லை.

பட்டுச் சேலை வியாபாரம் செய்துவந்த அண்ணன் தம்பி இருவர் என்னைத் தங்கள் டிசைன் சென்டருக்கு அழைத்துக்கொண்டார்கள். மூத்தவர், ஊருக்குப் 'பெரியவர்', கடையைப் பார்த்தார். இளையவர், எல்லோருக்கும் 'சின்னவர்', பின்கட்டில் விசைத்தறிக் கொட்டகையை நடத்தினார். இரண்டுக்கும் நடுவில் குளிரூட்டிய ஓர் அறை; அதுதான் என் ராஜ்ஜியம். சேலையின் கரை, முந்தி, உடலில் தூவும் புட்டா எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையப்பட்டு, அட்டைகளில் துளைகளாக விழுந்து, தறியின் தலைமேல் ஏறும். பல ஆண்டுகளில் சேர்ந்த டிசைன்கள் முழுவதும் ஒரே சர்வரில் இருந்தன. ஒரு டிசைன் சந்தைக்கு வருமுன் வெளியே போய்விட்டால் அந்தப் பருவமே போயிற்று. இந்த ஊரில் வெட்டுக் குத்தில் சிறைக்குப் போய் வந்தவனுக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள். டிசைன் திருடியவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. சூடேறிய தூசியும் சுவருக்கு அப்பாலிருந்து கசியும் தறி எண்ணெயும் கலந்த வாசனை. அதை நினைத்தால் உடனே சின்னவரின் இடது கை நினைவுக்கு வருகிறது. அதில் இரண்டு விரல்கள் இல்லை. இளம் வயதில் தறியின் பெல்ட்டில் கை மாட்டி, எலும்பு நொறுங்கும் சத்தத்தைத் தம் காதாலேயே கேட்டவர். அவருடைய அப்பா பாய்ந்துபோய் மின்சாரத்தை வெட்டியதால் மிச்சக் கை மிஞ்சியது. அதன் பிறகு அவர் காலடி வைத்த ஒவ்வொரு இடத்திலும் சுவரில் சிவப்புக் கைப்பிடி போட்ட மெயின் சுவிட்சு ஒன்று இருந்தாக வேண்டும். நூல் அறுந்தால், தறியில் குறுக்கே ஓடும் நாடா தெறித்துப் பறந்தால், புகை வந்தால், யாராவது கத்தினால், முதல் வேலை கைப்பிடியைக் கீழே இழுப்பது. காரணம் கேட்பதெல்லாம் பிறகு. கொட்டகையில் வேலை செய்த அத்தனை பேருக்கும் இது உடம்பில் ஊறியிருந்தது.

என் அறையிலும் ஒன்றைப் பொருத்தினார். "யூ.பி.எஸ். இருக்கிறது, இது வேண்டாம்" என்று மறுத்துப் பார்த்தேன். "கரெண்ட் போனாலும் ஓடிகினே இருக்கிற மெஷினுன்னா, அது இன்னும் டேஞ்சர் சார்" என்று சொல்லி, யூ.பி.எஸ்ஸையும் சேர்த்து வெட்டும்படி வயர் இழுக்கச் செய்தார். அவருடைய தர்க்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படி இருக்கையில்தான் லினக்ஸ் வந்தது. நான் வாழ்நாள் முழுவதும் விண்டோஸ் சர்வர்களோடு வாழ்ந்தவன். புதிதாக வாங்கிய டிசைன் மென்பொருள் லினக்சில்தான் ஓடும் என்றார்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் அரிச்சுவடிக்கு வந்தேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். அட்டையில் 'தொடக்கநிலையினருக்கு' என்ற பொருளில் பெரிய எழுத்துகள் இருந்ததால், பேருந்து ஆற்காடு தாண்டுவதற்குள் பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டுவிட்டேன். அறையில் அதை நான் விரித்து வைத்திருக்கும்போது யாராவது வந்தால் மேலே ஒரு கோப்பை வைத்து மறைப்பேன். களவாணித்தனமாகப் படித்த ஒரே புத்தகம் அதுதான்.

அந்த அமைப்பு என்னை ஒவ்வொரு நாளும் அடித்தது என்றே சொல்வேன். கறுப்புத் திரை. சொன்னதைச் செய்துவிட்டால் ஒரு வார்த்தை பேசாது. 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்காது. நீக்கியதை எடுத்து வைக்கக் குப்பைக்கூடை கிடையாது. ஒரு வேலையை நிறுத்தும் கட்டளைக்குப் பெயரே கொல்லு என்பது. ஆத்திரம் தாங்காமல் ஒரு நாள் விசைப்பலகையை மேசையில் ஓங்கி அறைந்தேன். இரண்டு எழுத்துகள் தெறித்து டேபிளுக்கு அடியில் போயின. மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கித் தந்தவன் ஆரோக்கியம்.

ஆரோக்கியராஜ். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். டிசைன் வரைகிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவன். ஒவ்வொரு முறை டிசைனைச் சேமிக்கும்போதும் மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொள்வான். "ஆண்டவரே, இந்த மயிலுக்கு வால் அறுந்து போகாம பாத்துக்கோ" என்பான். அவனும் லினக்ஸ் கற்றுக்கொண்டிருந்தான்; புத்தகம் இல்லாமல், வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பத்து முறை கெடுத்து, பத்து முறை மறுபடி ஏற்றி. "கெட்டா கெட்டுட்டுப் போவுது சார், மறுபடி போட்டுக்கலாம்" என்பான். கெடுப்பதற்கு எனக்கு அனுமதி இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அவன்தான் எனக்கு விசைப்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட பொத்தானைக் காட்டினான். அதை அழுத்தினால் கடைசியாக நாம் கொடுத்த கட்டளை திரையில் வந்து நிற்கும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தையது. "இன்னா பண்ணோம்னு நமக்கு மறந்தாலும் அதுக்கு மறக்காது சார்" என்று சிரித்தான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவைத்தேன். தெரியாது.

இனி அந்தத் தவறு. எனக்குப் பழக்கமான உலகில் ஒவ்வொரு ஹார்டு டிஸ்கும் ஓர் எழுத்தைப் பெயராகக் கொண்டு தனித்து நிற்கும். லினக்சில் அப்படியில்லை. ஃபோல்டர் என்கிறோமே, அப்படி ஒரு காலி அடைவை உருவாக்கி, டிஸ்கை அதில் மாட்டித் தொங்கவிட வேண்டும். மாட்டியபின் அந்த அடைவும் டிஸ்கும் ஒன்று. நான் நகல் எடுக்கும் முறையைச் சோதிப்பதற்காக, டிசைன்கள் இருந்த டிஸ்கை இன்னோர் அடைவிலும் மாட்டியிருந்தேன். நகல் டிஸ்கைப் புதிய அமைப்புக்காக முதல் நாள்தான் துடைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, ஊரிலேயே அந்த டிசைன்கள் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்கு.

அன்று காலை சோதனை முடிந்தது. அந்த இரண்டாவது அடைவை நான் வெறும் பெயர்ப்பலகை என்றே எண்ணினேன். விண்டோஸில் ஷார்ட்கட் படத்தை நீக்கினால் அசலுக்கு ஒன்றும் ஆகாது அல்லவா? அடைவை நீக்கப் போகிறேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னது ஆரோக்கியத்தின் காதில் விழுந்தது.

"சார், முதல்ல டிஸ்கைக் கழட்டிடுங்க. அப்பறமா அழிங்க."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் சர்வர் பார்க்க ஆரம்பிச்சப்ப நீ ஸ்கூல்ல ஸ்லேட்டு உடைச்சிகினு இருந்தே. நீ மயில் வரை. இதை நான் பாத்துக்கறேன்."

அட்டை அடிக்கும் இருவர், எதைப் பற்றிய பேச்சென்று புரியாமலே, கொல்லென்று சிரித்தார்கள். அவன் குனிந்துகொண்டான். நான் கட்டளையைக் கொடுத்தேன்: நீக்கு, உள்ளே இருப்பதையும் நீக்கு, எதுவும் கேட்காதே.

ஒரு காலி அடைவு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விட வேண்டும். போகவில்லை. சர்வரின் சிவப்பு விளக்கு விடாமல் துடித்தது. நிறுத்தும் வழி தெரிந்திருந்தும் விரல்கள் எழவில்லை. பிறகு விளக்கு நின்றது. திரை வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

"சார், டிசைன் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது" என்றான் ஆரோக்கியம்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது சின்னவர் அறையில் நின்றிருந்தார். தீபாவளிக்கு முந்தைய அவசரக் காலம், அட்டை வராமல் தறிகள் நின்றிருந்தன. "இன்னா சார் பேஜாரு? ஜல்தியா அட்டை வேணும், ஆளுங்க சும்மா குந்தினு இருக்கானுங்க."

இருபது ஆண்டுகளில் சேர்த்த பெயர் அத்தனையும் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் சொன்னது இதுதான்: "டிசைன் எதுவும் டிஸ்கில் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்."

யாரோ என்றேன். அந்த அறையில் கம்ப்யூட்டரைத் தொடக்கூடியவர்கள் இரண்டே பேர்.

அதற்கு முந்தைய வாரம் ஆரோக்கியம் டீக்கடையில் ஒரு காஞ்சிபுரத்து வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்ததைக் கொட்டகை ஆள் ஒருவன் பார்த்திருந்தான். மைத்துனனுக்கு வேலை கேட்டிருக்கிறான். அது பின்னால் தெரிந்தது. சின்னவருக்கு அந்தக் கணத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

"வித்துட்டியாடா? வித்துட்டு அழிச்சிட்டியா?"

"அண்ணே, சத்தியமா இல்லண்ணே..."

முதல் அறை அவனை நாற்காலியோடு சாய்த்தது. கொட்டகையிலிருந்து இருவர் ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டை. அது முதுகில் விழும் சத்தம் தறியின் சத்தத்தைப் போலவே சீராக இருந்தது. அதை இன்றுவரை என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. அவன் மேசைக்கடியில் புகப் பார்த்தான். காலைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்து, நெற்றி மேசை விளிம்பில் மோதி, வரைபடத் தாளின் சின்னச் சின்னக் கட்டங்களில் ரத்தம் சொட்டியது. "சோறு போட்ட வூட்டுலயே கைய வெச்சியேடா!" என்று உதைத்தவன், சென்ற மாதம்தான் அவனிடம் தன் மகளின் காதுகுத்து அழைப்பிதழுக்குப் படம் வரைந்து வாங்கிப் போனவன்.

அடிகளுக்கு நடுவில் அவன் கத்தியது என்னைப் பார்த்து. "சார்! அந்த மேல போற பட்டனை அமுக்குங்க சார்! நான் பண்ணல! யாரு பண்ணாங்கன்னு அதுலயே வரும்! அமுக்குங்க சார்!"

என் இருக்கையில்தான் இருந்தேன். கை விசைப்பலகைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் அந்தப் பொத்தானின்மேல், அதன் வழுவழுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓர் அழுத்தத்தில், என் முன்னால் இருந்த திரையில், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நானே கொடுத்த கட்டளை எழுந்து வந்திருக்கும். எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். மூன்று அடி விழும் நேரம் என்று மட்டும் தெரியும், எண்ணியிருக்கிறேன்.

சின்னவர் என் விரலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் எதையோ அழிக்குதுடா இந்த மெஷினு!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தார். மூன்று விரல் கை சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது.

அறை இருண்டது. விசிறிகள் நின்றன. அந்த அமைப்பு நம் கட்டளைகளை நினைவில்தான் வைத்திருக்கும். முறைப்படி வெளியேறும்போதுதான் டிஸ்கில் எழுதும்; நடுவில் மின்சாரம் போனால் அத்தனையும் போயிற்று. நான் இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆரோக்கியத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது. "போச்சு" என்றான். அதற்குப் பின் அவன் தடுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

சின்னவர் அவனுடைய வலது கையைத் தரையில் விரித்து, குதிகாலை அதன்மேல் தூக்கினார். "இந்தக் கையாலதானே வரையிற?"

விரல்கள் முறியும் சத்தம் வந்தபோதுதான் நான் எழுந்தேன். எப்படிப் போய் விழுந்தேன் என்று நினைவில்லை. அவனுக்கும் கட்டைக்கும் நடுவில் என் முகம் இருந்தது, அவ்வளவுதான். வாய்க்குள் உப்பும் கூழாங்கல்லும் நிறைந்தன. துப்பிவிட்டுச் சொன்னேன்: "நிறுத்துங்க! நான்தான் அழிச்சேன். நான்தான்!"

நண்பரே, அந்த வாக்கியத்தை நான் முழுமையாக, தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அதற்குள் கடையிலிருந்து பெரியவர் ஓடிவந்திருந்தார். என் வாயில் வழிந்த ரத்தத்தைத் தம் தோளிலிருந்த துண்டால் ஒற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்களா அழிப்பீங்க? இந்தப் பாவிக்காக உங்க பேரைக் கெடுத்துக்கறீங்களே சார்! உங்க மனசு யாருக்கு வரும்?"

கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டு என் காலைத் தொட்டான். "மன்னிச்சுக்கோங்க சார், தெரியாம பட்டுடுச்சி."

இரண்டாவது முறை நான் சொல்லியிருக்க வேண்டும். விளக்கியிருக்க வேண்டும், இன்ன அடைவு, இன்ன கட்டளை, இன்ன நேரம் என்று. சொல்லவில்லை. வாய் வலித்தது என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல் போன வாயால் 'நீங்களா அழிப்பீங்க' என்ற அந்தக் கேள்வியை நான் மென்றுகொண்டிருந்தேன், அது இனித்தது. உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும்.

ஆரோக்கியத்தை இருவர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறுமுன் என் பக்கம் திரும்பினான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திட்டவில்லை. சந்தேகம் கேட்கிறவனைப் போல மெல்லக் கேட்டான்: "வெரலு பட்டன் மேலதானே சார் இருந்துச்சி?"

போலீசுக்கு யாரும் போகவில்லை. இருதரப்புப் பெரியவர்களும் கூடிப் பேசி முடித்துக்கொண்டார்கள். டிஸ்கைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒரு பகுதி மீண்டது, பெயர்கள் எல்லாம் போய், வெறும் எண்களாக. எந்த முந்தி எந்தக் கரைக்கு உரியது என்று பொருத்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நான் நாள்கணக்கில் உட்கார்ந்து பொருத்தியவையெல்லாம் விகாரமாக இருந்தன. மயில் உடலுக்கு யானைக் கரை. அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தச் செய்தியைச் சொன்னவரும் கடைசியில், "ஆனா சார், அவனுக்காக நீங்க போயி அடி வாங்குனீங்களே" என்றுதான் முடித்தார். நான் அந்த இயங்குதளத்தை நன்றாகவே கற்றுக்கொண்டேன். எல்லோரும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்கும் அளவுக்குக் கற்றேன்.

இன்று அந்த டிசைன் சென்டர் இல்லை. டிசைன்கள் சூரத்திலிருந்து போனிலேயே வந்துவிடுகின்றன. சின்னவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பெரியவரிடம் ஒரு முறை போய், ஆற அமர, முதலிலிருந்து சொன்னேன். காது மந்தமாகிவிட்ட அவர் பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை இன்னுமா நினைச்சிகினு இருக்கீங்க?" என்று மெச்சினார்.

கேட்க வேண்டியவனிடமே சொல்லிவிடுவது என்று பல் மருத்துவரைப் பார்த்த மறுநாள் சேவூருக்குப் பஸ் ஏறினேன். இத்தனை ஆண்டுகள் கழித்து, பத்து நிமிடப் பயணம். தெருவின் பெயர் தெரியும், வீட்டைப் பார்த்ததில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் ஆரோக்கியராஜ் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த ஆரோக்கியராஜு?" என்று யோசித்தாள். "ஓ, அந்த டிசைன் திருடன் வூடா? அது வித்து, இடிச்சி எவ்ளோ வருஷமாச்சி. அதோ, அந்த வண்டிங்க நிக்குது பாருங்க, அந்த எடந்தான்." சிமெண்டுத் தரைமேல் நான்கைந்து இருசக்கர வாகனங்கள் நின்றன. சுவரோ, படியோ, ஒரு செங்கல்லோ இல்லை. எங்கே போனார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெங்களூரு என்று சிலர் சொன்னார்களாம், வேலூர் என்று சிலர்.

"அவன் திருடன் இல்லைம்மா" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்க யாருங்க?"

பெயரைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "அவனுக்காக அடி வாங்குன சாருங்களா? எங்க வூட்டுக்காரரு சொல்லிகினே இருப்பாருங்க. வெயில்ல நிக்கிறீங்களே, இருங்க" என்று உள்ளே ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்து, நிழலில் போட்டாள்.

வெயில் கடுமையாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.